வாவிக்கரையில் நான்கு நாட்கள்

விடுமுறை நெருங்கியதும் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "எங்கே போவது?" என்பதுதான். பட்டியல் ஒன்று எழுதப்படும். அதிலுள்ள இடங்கள் அனைத்தையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று விடியற்காலை முதல் இரவு வரை ஓடுவோம். வீடு திரும்பும்போது, புறப்பட்ட நாளில் இருந்ததைவிட இருமடங்கு களைத்திருப்போம். ஓய்வுக்காகச் சென்றவர்களுக்கு ஓய்வெடுக்க இன்னொரு விடுமுறை வேண்டியதாகிவிடும்!

சென்ற ஆனி மாதத்தில் விடுமுறை நாட்கள் சில அடுத்தடுத்து வந்தன. இம்முறை அந்தத் தவற்றைச் செய்வதில்லை என்று உறுதி பூண்டோம். நீர்நிலை ஒன்றின் கரையில் நான்கு நாட்கள் சும்மா இருப்பது. காண்பது குறைந்தாலும் கவலையில்லை என்பது எங்கள் தீர்மானம். கல்முனையிலுள்ள நண்பர் ஒருவர் நெடுநாளாக அழைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இருவரோடும் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறினோம்.

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது கல்முனை. இந்தக் கரையின் அமைப்பை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் பிறகு வழி தவறாது. கிழக்கே வங்கக் கடல். கடலை ஒட்டி, தெருவோடு தெருவாக நெருங்கிய ஊர்கள். வடக்கிலிருந்து மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என அவை வரிசையாக வரும். ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவதைப் பெயர்ப்பலகை பார்த்தே புதியவர் அறியவேண்டும். முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒரே வீதியில் மாறி மாறி வரும். ஊர்களுக்குப் பின்னே, மேற்கில், வயல்வெளி. கல்முனைப் பக்கத்தில் அவ்வெளிக்கு இடையே மட்டக்களப்பு வாவியின் தென் கோடி வந்து படுத்திருக்கிறது. ஆகவே, இங்குள்ள மக்கள் இரண்டு நீருக்கு நடுவே வாழ்பவர்கள்.

நண்பரின் இல்லத்தில் எங்களை முதலில் வரவேற்றவர் அவருடைய தகப்பனார். எண்பதைத் தாண்டியவர், ஆயுள் முழுவதும் வேளாண்மை செய்தவர். வீட்டார் அனைவரும் 'வாப்பா' என்று அழைத்ததால் எமக்கும் அவர் வாப்பாவானார். வீடு உண்மையில் நண்பரின் மனைவிக்குரியது. மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடிப்பதும், மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதும் இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே போற்றிவரும் வழக்கம். தாய்வழியே எண்ணப்படும் 'குடி' முறையும் இரு சாராருக்கும் பொது.

முதல் நாள் மாலை, கடற்கரைக்குப் போகவேண்டும் என்று பிள்ளைகள் துடித்தனர். சென்றோம், சிறிது நேரம் நின்றோம். அலை அன்று அமைதியாகவே இருந்தது. எனினும் அந்த மணலில் நிற்கும்போது 2004 டிசம்பர் 26-ஆம் நாளை நினையாதிருக்க முடியவில்லை. அன்று வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இலங்கையில் மிகக் கூடிய இழப்புக்கு ஆளான மாவட்டம் இதுவே. மருதமுனை முதல் காரைதீவு வரை அதனால் துயருறாத தெரு இல்லை. எம்மை அழைத்துச் சென்ற நண்பர் கடலை அதிகம் பார்க்கவில்லை. "வாருங்கள், வாவிப் பக்கம் போவோம், அங்கேதான் நாங்கள் காற்று வாங்குவது" என்றார்.

அந்த வாவிப் பக்கம்தான் எங்கள் விடுமுறையாயிற்று.

கல்முனையிலிருந்து மேற்கே நாவிதன்வெளிக்குச் செல்லும் பாதை கிட்டங்கி என்னும் இடத்தில் வாவியைக் கடக்கிறது. மாரிகாலத்தில் வெள்ளம் பெருகிப் போக்குவரத்தைத் தடுப்பதற்குப் பெயர்பெற்ற இடம் அது. நாம் சென்றதோ கச்சான் காற்று வீசும் காலம். பகலெல்லாம் மேற்கிலிருந்து அனல்போல் அடிக்கும் அக்காற்று, பொழுது சாயும்போது தணிந்து, நீரின் மேல் தவழ்ந்து குளிர்ந்து வந்தது. தோணியில் நின்ற ஒருவர் வீச்சுவலையை வட்டமாக விரித்தெறிந்தார். முழங்காலளவு நீரில் சிறுவர் இருவர் அத்தாங்கு கொண்டு இறால் தேடினர். கொக்குகள் ஒற்றைக் காலில் தவமிருந்தன. நீர்க்காகம் ஒன்று நட்ட கம்பின் மேல் சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது. எங்கள் கைத்தொலைபேசி அன்று மாலை முழுவதும் பைக்குள்ளேயே கிடந்தது என்றால், வாசகர்கள் அந்த அமைதியை ஊகித்துக்கொள்ளலாம்.

நீராடலாமா என்று கேட்டான் மகன். அந்த ஊர்ச் சிறுவரே விடை சொன்னார்கள்: "இஞ்ச முதலை இரிக்கி, தம்பி!" வாவியிலும் குளத்திலும் ஊராரைக் கேளாமல் இறங்கலாகாது என்பதைப் பிள்ளைகளோடு செல்வோர் நினைவிற் கொள்க.

இரண்டாம் நாள் காலையில் மருதமுனைக்குச் சென்றோம். கைத்தறிக்குப் பேர்போன ஊர் அது. தறியின் ஓசை கேட்கும் வீட்டு வாசலிலேயே சாரமும் சேலையும் வாங்கலாம். பின்னர் கல்முனைக்குடியிலுள்ள கடற்கரைப் பள்ளிக்குச் சென்றோம். தமிழ்நாட்டில், நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கடலின் இக்கரையில் எழுந்த தலம் இது. ஜமாதுல் ஆகிர் மாதப் பிறையோடு இங்கே கொடியேற்றம் தொடங்கும். அந்நாட்களில் ஊரே திருவிழாக்கோலம் கொள்ளும். மாலையில் காரைதீவு. யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகள் 1892-இல் பிறந்த ஊர் அதுவே என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். அடிகளாரைப் பாடப்புத்தகத்தில் மட்டும் அறிந்திருந்த மகளுக்கு அவரும் ஒரு தெருவில் விளையாடிய பிள்ளை என்பது வியப்பாக இருந்தது.

உணவைப் பற்றி ஒரு சொல். காலையில் புட்டும் மீன் ஆணமும். பகலில் வாவி இறாலும் நண்டும். பின்னர் மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர், அதன்மேல் கித்துள் பாணி. சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாது என்று நண்பர் சவால் விட்டார். நாம் சோதித்துப் பார்க்கத் துணியவில்லை. சாப்பிட்டே தீர்த்தோம்.

அன்றிரவு முற்றத்தில் இஞ்சிக் கோப்பி பருகிக்கொண்டிருந்தபோது, மறுநாள் இங்கினியாகலைக்குப் போவதாக வாப்பாவிடம் கூறினோம். அங்கே சேனநாயக்க சமுத்திரத்தில் படகேறி யானை பார்ப்பது எங்கள் எண்ணம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "யானையை எல்லாரும் பாப்பாங்க, மகன். நீங்க தண்ணி எவ்வளவு இறங்கிக் கிடக்கு எண்டு பாத்து வந்து சொல்லுங்க."

சரி என்று தலையசைத்தோம். அதன் பொருள் அப்போது முழுவதும் விளங்கவில்லை.

மூன்றாம் நாள் காரைதீவுச் சந்தியிலிருந்து மேற்கே திரும்பினோம். சம்மாந்துறையைக் கடந்ததும் இருபுறமும் சிறுபோக வேளாண்மை பச்சைப் பாயாக விரிந்தது. வீதியோரமாகவே வாய்க்கால்கள் எதிர்த்திசையில் ஓடி வந்தன. நாம் மேலே போக, நீர் கீழே வந்தது. இதைக் கவனித்துச் சொன்னவள் மகள்தான். ஒரு மணி நேரத்துக்குள் அம்பாறை நகரை அடைந்தோம்.

தங்குமிடம் பற்றி வாசகர்கள் அறிய விரும்புவர். கடற்கரை ஊர்களில் உறவினரோ நண்பரோ இருப்பின் அவர்கள் இல்லமே சிறந்த விடுதி. அவர்களும் வேறிடத்தில் தங்க விடமாட்டார்கள். அவ்வாறு யாரும் இல்லாதவர்க்குக் கல்முனையிலும் சிறு விடுதிகள் உள்ளன. நீர்த்தேக்கத்தைக் காண விரும்புவோர் அம்பாறை நகரில் தங்குவது வசதி. எல்லா விலையிலும் விடுதிகள் அங்கே கிடைக்கும். இங்கினியாகலை அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர்தான். நாம் எளிய விடுதி ஒன்றில் இரண்டு அறைகள் எடுத்துக்கொண்டோம். மாலையில் நகரை அடுத்துள்ள கொண்டவெட்டுவான் குளக்கட்டில் உலாவினோம். இருள் கவியுமுன் திரும்பிவிடுங்கள் என்று விடுதிக்காரர் எச்சரித்திருந்தார். அந்தி வேளையில் யானைகள் நடமாடும் பகுதி அது. அம்பாறைக்கும் இங்கினியாகலைக்கும் இடையிலான வீதிக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

நான்காம் நாள் விடியுமுன் புறப்பட்டோம். இங்கினியாகலையில் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் அனுமதிச் சீட்டும் படகும் பெறவேண்டும். வெயில் ஏறுமுன் செல்வதும், முன்னதாகவே கேட்டு ஒழுங்கு செய்துகொள்வதும் நலம்.

குன்றுகளுக்கிடையே படகு நழுவிச் சென்றது. இது மனிதர் உண்டாக்கிய ஏரி என்பதை நம்பக் கடினமாக இருந்தது. முன்னோர் பட்டிப்பளை ஆறு என்றழைத்த கல்லோயாவை மறித்து, 1949-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், அமெரிக்க நிறுவனம் ஒன்று இந்த அணையைக் கட்டியது. அக்காலத்துப் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் பெயரை இது தாங்கி நிற்கிறது. இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களுள் இதுவும் ஒன்று. நீரேந்தும் காட்டைக் காக்கவே 1954-இல் சூழவுள்ள பகுதி தேசிய வனமாக்கப்பட்டது. கடுக்காயும் தான்றியும் நெல்லியும் செறிந்த காடு அது. பாட்டிமார் திரிபலை என்று இடித்துத் தந்த மூன்றும் இங்கே மரமாகவே நிற்கின்றன!

பறவைகள் கூடு கட்டும் தீவு ஒன்றைச் சுற்றி வந்தோம். நீரினின்று எழுந்து நின்ற பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் வரிசையாக அமர்ந்திருந்தன. அப்போது படகோட்டி இயந்திரத்தை நிறுத்திக் கையைக் காட்டினார். கரையோரத்துப் பசும்புல்லில் யானைக் கூட்டம் ஒன்று. ஏழு என்று மகன் எண்ணினான். சிறிது நேரத்தில் அவற்றுள் இரண்டு நீரில் இறங்கி, தும்பிக்கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு, எதிரேயுள்ள தீவை நோக்கி நீந்தலாயின. படகில் ஒருவரும் பேசவில்லை. வாழ்நாளில் மறக்கவொண்ணாக் காட்சி அது.

"நல்ல காலத்தில் வந்தீர்கள்" என்றார் படகோட்டி, தமக்குத் தெரிந்த தமிழில். "தண்ணீர் குறையும்போது கரையில் புதுப் புல் முளைக்கும். அதைத் தின்ன யானைகள் வெளியே வரும். குளம் நிறைந்திருந்தால் இவ்வளவு காண முடியாது."

மகிழ்ச்சியோடு கரையேறினோம். அன்று பிற்பகலே கல்முனை திரும்பி, கடைசி இரவை நண்பர் வீட்டில் கழித்தோம். பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு யானைக் கதையைச் சொன்னார்கள். வாப்பா பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "தண்ணி எப்படி, மகன்?" என்றார்.

நாம் விழித்தோம். அதைப் பார்க்க மறந்தேவிட்டோம்! தம் வயதுக்கு அவர் நம்மிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். வெட்கத்தால் வாய் திறக்க இயலவில்லை.

காப்பாற்றியவள் மகள்தான். "கரைப் பாறையில் கோடு கோடாக இருந்தது, வாப்பா. மேலே ஒரு வெள்ளைக் கோடு. அதுக்குக் கீழே வேறு கோடுகள். மேல் கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு ஆள் உயரம் இருக்கும்" என்றாள்.

முதியவர் கண்ணை மூடி ஏதோ கணக்குப் பார்த்தார். "ரெண்டு ஆளா... அப்ப போதும். வெட்டும் வரைக்கும் வரும்" என்று பெருமூச்சு விட்டார். அவருடைய வயல் கிட்டங்கிக்கு அப்பால், வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. இப்போது அதைச் செய்பவர் மருமகன். எனினும் நீர்க் கவலை இன்னும் அவரிடமே இருக்கிறது.

அப்போதுதான் எமக்கு விளங்கியது. யானை காணச் செல்வோர்க்கு நல்ல காலம் எதுவோ, அதுவே கடைமடை உழவன் நெஞ்சம் பதைக்கும் காலம். நாம் களித்த அந்தப் புதுப் புல், நீர் இறங்கியதால் முளைத்த புல். காலையில் நாம் படகு விட்டதும் மாலையில் அவர் கணக்கிட்டதும் ஒரே நீர்.

இந்த நீரைச் சுற்றி வருத்தமான வரலாறும் உண்டு. மேற்பகுதியில் குடியேற்றப்பட்டோர் பெரும்பாலும் சிங்கள உழவர். கீழே, கரையோரமாக இருப்போர் முஸ்லிம்களும் தமிழரும். 1956-இல் கல்லோயாப் பள்ளத்தாக்கிலேயே இனக் கலவரம் மூண்டு பல உயிர்கள் பலியாயின. ஆனால் வேறொரு வரலாறும் உண்டு. மாணவர்கள் அதையும் அறிந்திருக்க வேண்டும். இடதுகரை வாய்க்காலில் நீர் கடைமடைக்கு எட்டுவதே அரிதாயிருந்த காலத்தில், இளம் பட்டதாரிகள் சிலர் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகத்தால் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஊரிலேயே தங்கி உழவரை ஒன்றுகூட்டுவது அவர்கள் பணி. 1981-இன் சிறுபோகம் தொடங்கும்போது நீர்த்தேக்கம் ஏறத்தாழக் கால்வாசியே நிறைந்திருந்தது. பஞ்ச காலத்தில் நீருக்காகச் சண்டையிடுவார்கள் என்றே எவரும் எண்ணியிருப்பர். நடந்ததோ வேறு. உழவர்கள் கூடித் தூர்ந்த வாய்க்கால்களைத் தாமே வெட்டித் திருத்தினார்கள்; முறைவைத்து நீர் பாய்ச்சினார்கள்; மேற்பகுதியார் மிச்சப்படுத்திய நீரைக் கீழ்ப்பகுதியார்க்கு விட்டார்கள். கீழே இருந்தவர்களுள் வேறு மொழி பேசுவோரும் இருந்தனர். இதனை உடனிருந்து கண்ட அமெரிக்கப் பேராசிரியர் நோர்மன் அப்ஹோஃப், கல்லோயாவிடம் தாம் கற்றதை 1992-இல் ஒரு நூலாகவே எழுதினார்.

அந்த நாட்களைப் பற்றி வாப்பாவைக் கேட்டோம். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "மேல மடையைப் பூட்டினாத்தான் கீழ எங்களுக்கு விடியும், மகன். பூட்டினாங்க. அதை மறக்கப்படாது" என்றார். அவ்வளவுதான்.

இனி, செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். வைகாசி முதல் புரட்டாசி வரை இந்தக் கரையில் மழை குறைவு; ஐப்பசிக்குப் பின் தை வரை வாடைக் காற்றும் மழையும் மிகும்; கடலும் சீறும். படகேறி யானை காண மார்ச் முதல் ஜூலை வரை ஏற்ற காலம். வெள்ளி நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் அடைபடும். நோன்பு மாதத்தில் பகலுணவுக்கு முன்னேற்பாடு தேவை. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் ஏற்ற உடை அணிக. ஒருவரைப் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்க. இன்னும் இரண்டு நாட்கள் கையிலிருப்பின் அக்கரைப்பற்று வழியாகத் தெற்கே பொத்துவில் சென்று, கண்டற்காடு சூழ்ந்த களப்பில் மீனவர் தோணியில் ஒரு மாலை உலா வரலாம். அறுகங்குடாவில் அலைச்சறுக்கு விளையாட உலகெங்குமிருந்து வருவோரையும் காணலாம். ஓசையும் கூட்டமும் சற்று மிகுதி.

மறுநாள் காலை விடைபெற்றோம். உம்மா பிள்ளைகளின் கையில் தொதல் பொட்டலம் ஒன்றைத் திணித்தார். வாப்பா வாசல் வரை வந்தார். மகளின் தலையைத் தடவி, "அடுத்த முறையும் கோட்டைப் பாத்து வந்து சொல்லு, மகள்" என்றார்.

வீடு சேர்ந்த பின்னும் ஒரு மாற்றம் எங்கள் இல்லத்தில் நிலைத்திருக்கிறது. மழை பெய்தால், "இங்கினியாகலையிலும் பெய்யுமா?" என்று மகள் கேட்கிறாள். ஓய்வுக்காகச் சென்ற நாம் ஒரு கவலையையும் உடன் கொண்டு வந்தோம். அதைச் சுமையென்று நாம் எண்ணவில்லை. ஓர் ஊரின் கவலையில் நமக்கும் சிறு பங்கு கிடைத்த பின், அந்த ஊர் நமக்கு அயலூர் அன்று.